ரெண்டு மணிக்கே நெட் வந்துவிட்டது

ஏரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, செல்லுக்கடை அக்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டீ குடித்துக்கொண்டிருப்பவர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே கை காட்டுவார். உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சின்னக் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க வேண்டும். உள்ளே, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரித்துப் போட்ட செல்போனின் வயிற்றுக்குள் குனிந்திருப்பவள்தான் ஜெயபிரியா. வயது நாற்பத்தொன்று.

அவளுடைய செல்போனில் எந்தச் சத்தமும் வராது. கடையில் நூறு போன்கள் கூவினாலும் அவளுடையது மட்டும் ஊமையாகவே இருக்கும். போன பங்குனியிலிருந்து அப்படித்தான். செய்தி வந்தால் ஒரு மணிச்சத்தம் கேட்குமே, அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஏன் என்று கணவன் முருகேஷ் பலமுறை கேட்டுவிட்டான். அவள் சொல்லவில்லை.

அந்த ஏன்தான் இந்தக் கதை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், தர்மபுரியில் மூன்று மாதம் செல்போன் பழுது பார்க்கும் பயிற்சி. இருபத்திரண்டு ஆண்கள், ஒரே ஒரு பெண். முருகேஷ் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். “இதெல்லாம் பொம்பளைக்கு எதுக்கு?” என்று கேட்ட உறவுக்காரர்களிடம், “உங்க செல்லு ரிப்பேரானா வராதீங்க” என்று அவன்தான் சொல்லி அனுப்பினான்.

ஆனால் பெண்கள் வந்தார்கள். பென்னாகரம் வரைக்கும் எத்தனையோ கடைகள் இருக்க, இந்தக் கடைக்கு வந்தார்கள். போனுக்குள் இருப்பது வெறும் போனா? குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கும் கணவன் அனுப்பிய குரல், பெற்ற குழந்தையைக் குளித்த ஈரத்தோடு மடியில் போட்டு எடுத்த படம், மாமியாருக்குத் தெரியாமல் அழுது அனுப்பிய செய்தி. அதையெல்லாம் அறிமுகமில்லாத ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கம் வரும்? ஜெயபிரியாவிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பூட்டு எண்ணையும் அவர்களே காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நம்பிக்கை அவளுக்குள் ஒரு கர்வத்தை வளர்த்திருந்தது. ‘தெரியல’ என்ற சொல் அவள் வாயில் வரவே வராது. யாராவது ஒரு போனை நீட்டினால், அவள் கை ஏதாவது செய்தே தீரும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு நெட் போனது.

பத்தரைக்கெல்லாம் கடை வாசலில் கூட்டம். போனில் டவர் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நின்றன. ஆனால் எதுவும் திறக்கவில்லை.

“அக்கா, எம்புள்ள பொம்மப் படம் ஓடாம சோறு திங்க மாட்டேங்கறான். இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

“நிலாவக் காட்டி ஊட்டு.”

“பகல்ல நிலாவுக்கு எங்கக்கா போவேன்?”

கூட்டத்தில் சிரிப்பு. சின்னம்மாள் என்ற பெண்மணி கவலையோடு முன்னால் வந்தாள். “ஏம் பிரியா, நேத்து மாவுக் கையோட செல்லத் தொட்டுட்டேன். அதனாலதான் போயிடுச்சா?”

“உங்க ஒரு கை மாவுக்கு ஊரு பூரா நெட்டு போவுமாக்கா? பென்னாகரம் ரோட்டுல குழாய்க்குத் தோண்டறாங்களாம். பூமிக்குள்ள போற ஒயர அறுத்துட்டாங்களாம். எல்லாரும் வூட்டுக்குப் போங்க. தானா வரும்.”

தானாக வரும். இதே வாயால்தான் சொன்னாள். இதை மட்டும் அவள் இன்னும் இரண்டு மணி நேரம் நினைவில் வைத்திருந்தால் போதும். விதி அவளை வைத்திருக்க விடவில்லை.

பதினொன்றே காலுக்கு அன்பரசி ஓடிவந்தாள். செருப்பு இல்லாத கால். நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாவமரத்துக்கொட்டாயிலிருந்து யாரோ ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“பிரியாக்கா, அண்ணன் பதினொன்னரைக்கு வீடியோவுல வர்றேன்னு சொல்லுச்சுக்கா. அப்பாவக் காட்டச் சொல்லுச்சு. போன் ஏறவே மாட்டேங்குது.”

பூதக்கண்ணாடியைக் கழற்றினாள் ஜெயபிரியா. அந்த வீட்டின் கதை அவளுக்குத் தெரியும்.

அன்பரசியின் அப்பா சின்னக்கண்ணு. இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு, பத்து புளியமரம், இடுப்பில் ஒரு வேட்டி. மேலுக்குச் சட்டை என்று ஒன்றைப் போட்டு யாரும் அவரைப் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்திலும் தோளில் துண்டோடுதான் நின்றார். மகன் கதிரவன் ஒரு பெண்ணை விரும்பினான். சின்னக்கண்ணு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய், ஊர் கேட்கப் பேசிவிட்டு வந்தார். ஒரே மாதத்தில் அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ‘இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு கதிரவன் குவைத்துக்குப் போனான். நான்கு வருடம். ஊரில் யாருக்கும் தன் நம்பரைக் கொடுக்கவில்லை. தங்கையோடு மட்டும், வெள்ளிக்கிழமை தோறும், நெட் வழியாகப் பேசும் ஓர் ஆப்பில் பேசுவான். அதில் ஒரு பெயர் மட்டும்தான் தெரியும், நம்பர் தெரியாது.

அவனுக்குத் தெரியாத ஒன்று ஜெயபிரியாவுக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் அன்பரசி போனை எடுத்துவந்து, “ஸ்பீக்கர் இன்னும் நல்லாக் கேக்கற மாதிரி பண்ணுங்கக்கா” என்றாள். எதற்கு என்று கேட்டதற்குத் தலை குனிந்தபடி சொன்னாள்: “அப்பா பக்கத்துல உக்காந்து புளி தட்டற மாதிரியே கேட்டுக்கிட்டிருப்பாருக்கா. அண்ணன்கிட்ட சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.”

அந்தச் சின்னக்கண்ணுவைத்தான் மூன்று நாட்களுக்கு முன், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்தி கேட்ட மகன் நான்கு வருட வைராக்கியத்தை உடைத்து, நாளைக்கு வீடியோவில் வருகிறேன், அப்பாவைக் காட்டு என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்.

“வா கண்ணு” என்று கடையைப் பாதி இறக்கினாள் ஜெயபிரியா. “நான் பாத்துக்கறேன்.”

நாவமரத்துக்கொட்டாயில் வீட்டு முன்னால் புளி மலை போலக் குவிந்து கிடந்தது. உள்ளே கட்டிலில் சின்னக்கண்ணு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால், கண் விழித்திருந்தது. அவளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் குரல் கொடுத்தார்.

“செல்லு டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் காத்து வுடுங்கப்பா. பெரிய டாக்டரு கைவிட்டதையே இவங்க பொழைக்க வெச்சுடுவாங்க.”

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் அன்பரசி.

சின்னக்கண்ணு கையை அசைத்தார். அன்பரசி குனிந்து காதைக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“சட்டை கேக்கறாருக்கா.”

“என்னது?”

“பையன் பாப்பானாமே, ஒடம்பு எலும்பா கெடக்குது, பாத்தா பயந்துக்குவான், சட்டை போட்டுவுடுங்கறாரு.”

அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு சட்டை ஏது? மருமகனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கைகளை நுழைக்கவே கால் மணி நேரம் ஆனது. தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார்கள். மாப்பிள்ளை போலக் காலர் பொத்தான் வரைக்கும் போடச் சொன்னார் அந்த மனிதர்!

“மணி அடிக்குதா?” என்று கேட்டார்.

“இப்ப அடிக்கும்பா” என்றாள் அன்பரசி.

எல்லோரும் ஜெயபிரியாவைப் பார்த்தார்கள். அவள் வேலையைத் தொடங்கினாள். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தாள். அணைத்து ஏற்றினாள். சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டாள். தன் போனிலிருந்து நெட் பகிர்ந்து பார்த்தாள். அதிலேயே இல்லாதது எங்கிருந்து வரும்? ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ‘இணைக்கிறது… இணைக்கிறது…’

காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் இருபது ஜோடிக் கண்கள். கட்டிலில் வெள்ளைச் சட்டை. “என்னாச்சும்மா?” “முடியலீங்களா?” “பென்னாகரத்துல ஒரு பையன் இருக்கான், அவனக் கூப்புடலாமா?” அந்தக் கடைசிக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியது. கை சும்மா இருக்க மறுத்தது.

இப்படிச் சுற்றிக்கொண்டே நிற்கும் ஆப்பை நூறு தடவை அவள் சரி செய்திருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடியும் போட்டால் போதும். நெட் இல்லாதபோதும் போடுவதற்கு அவளுடைய மெமரி கார்டில் எல்லா ஆப்பும் எப்போதும் இருக்கும். செல்லுக்கடைக்காரர்களின் வழக்கம் அது.

மணி பன்னிரண்டேகால். அன்பரசியின் போனில் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்தாள். ‘நீக்கவா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்றாள்.

கதிரவனின் பெயர், நான்கு வருட வெள்ளிக்கிழமைகள், எல்லாம் அந்த ஒரு தொடுதலில் போயின.

புதிதாகப் போட்டாள். நுழைவதற்கு நெட் வேண்டும் என்றது. “அவ்வளவுதான், நெட்டு வந்த ஒடனே டக்குனு பிடிச்சுக்கும்” என்றாள் கம்பீரமாக. கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. பச்சியப்பன் மோர் கொண்டுவரச் சொன்னார்.

“மணி அடிக்குதா?” என்று இரண்டாவது முறை கேட்டார் சின்னக்கண்ணு.

இரண்டு மணிக்கு, ஜெயபிரியாவின் பைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஒரு மணிச்சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாகப் பத்து, பதினைந்து. நெட் வந்துவிட்டது!

பாய்ந்து அன்பரசியின் போனை எடுத்தாள். ஆப் உயிர் பெற்றது. நம்பர் கேட்டது. அன்பரசியின் நம்பரைப் போட்டாள். ‘இந்த எண்ணில் கணக்கு இல்லை.’

விரல் நின்றது.

அன்பரசியின் கணக்கு இந்த நம்பரில் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன், கதிரவன் கிளம்பிய வாரம், இந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவளே ஜெயபிரியாதான், அன்றைக்கு இருந்த பழைய சிம்மில். போன வருடம், ‘இந்தச் சிம்முல நெட்டு அதிகம் கண்ணு’ என்று சொல்லி வேறு சிம் போட்டுவிட்டவளும் அவள்தான். பழைய சிம்மைக் கத்தரியால் இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டவளும் அவள்தான். ஆப் மட்டும் பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அழிக்காதவரை ஓடும். இந்தப் பகுதியில் பாதிப் பேருடைய போன் அப்படித்தான் ஓடுகிறது. சலுகைக்காகச் சிம் மாறும், ஆப் மாறாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

பழைய நம்பரைப் போட்டாள். ‘47 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்.’

போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தாள். ‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ என்றது ஒரு பெண் குரல். மறுபடி அடித்தாள். அதே குரல். அமைதியாக, மரியாதையாக, ஒரு தீர்ப்பைப் போல.

கடவுளே! இப்போது போய், நான் தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போது மணி இரண்டு பத்து. கட்டிலில் அந்த மனிதர் விழித்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம்.

முன்பக்கம் வந்தாள். பச்சியப்பன் தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

“ஏம்மா, எனக்கு நெட்டு வந்துடுச்சே. உங்களுக்கு இன்னும் வரலயா?”

இருபது ஜோடிக் கண்கள். அவள் வாய் தானாகத் திறந்தது.

“அது சாதா நெட்டுங்க மாமா. இந்த ஆப்புக்கு வேற சர்வரு. அது குவைத் பக்கம் இருக்குது. அது இன்னும் வரல.”

“ஓ, அதுக்கு வேறயா?” பச்சியப்பன் தலையை ஆட்டினார். எல்லோரும் ஆட்டினார்கள். செல்லுக்கடை அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறகு அவர் கேட்டார்: “எம்பையன் இளம்பரிதியும் அங்கதான இருக்கறான். அவனக் கூப்புட்டு, கதிரவனப் பாத்துச் சொல்லுடான்னா?”

இதோ ஒரு கதவு. திறந்தே கிடந்தது. ஒரு சொல் போதும்.

இளம்பரிதிக்கு அடித்து அது போய்விட்டால்? இப்போது சொன்ன பொய் எல்லோர் முன்னாலும் உடையுமே!

“அதுவும் அதே ஆப்பு தானுங்க மாமா. அதுலயும் போவாது. செத்த நேரம் பொறுங்க.”

பச்சியப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவள் நடித்தாள். அணைத்தாள், ஏற்றினாள், சிம்மைக் கழற்றினாள், போட்டாள். ஓடிபி கேட்கும் கட்டத்தில் வாய்க்கு வந்த எண்களைப் போட்டுப் பார்த்தாள். ‘பல முறை தவறு. நாளை முயலவும்’ என்று அந்தக் கதவும் மூடிக்கொண்டது. அன்பரசி சாப்பிடச் சொன்னாள். அவளால் முடியவில்லை. அதைப் பார்த்து அங்கிருந்த பெண்கள், “சொந்த அப்பனுக்குக்கூட இப்படி யாரு பாப்பா?” என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்றரை மணிக்கு மூன்றாவது முறையாக அவர் கேட்டார். இந்த முறை குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. மணி அடிக்குதா? அன்பரசி ஒலிக்காத போனை அவர் காதில் வைத்தாள். அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருந்தார். நாலு பத்துக்குக் கைகள் நழுவின.

நாலரை மணிக்குப் பச்சியப்பனின் போன் அடித்தது. இளம்பரிதி. பக்கத்தில் கதிரவன். காலையிலிருந்து தங்கைக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, நாற்பது கிலோமீட்டர் வண்டி பிடித்து இளம்பரிதியின் அறைக்கு வந்திருக்கிறான். அதே ஆப். ஒரே அடியில் வந்துவிட்டது. பச்சியப்பன் போனைக் கட்டிலுக்கு நேரே பிடித்தார். அழுகைச் சத்தத்துக்கு நடுவே யாரும் எதையும் யோசிக்கவில்லை. ஜெயபிரியா மட்டும் சுவரோடு சுவராக நின்றாள். போனின் சின்னத் திரைக்குள் ஒரு மகன் வாயைப் பொத்திக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட தன் அப்பாவைப் பார்த்தான்.

ஊர் முழுக்க, ஒயரை அறுத்தவர்களைத்தான் திட்டியது. பாழாப்போன நெட்டு, நாலு வருசமாப் பேசாத அப்பனையும் மகனையும் கடைசியில பேசவிடாம பண்ணிடுச்சு என்றார்கள். ஜெயபிரியாவைப் பற்றி ஒரு நல்ல சொல் இல்லாமல் அந்தச் சாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘பச்சத்தண்ணி குடிக்காம போராடுச்சு பாவம்’ என்றார்கள். ஒவ்வொரு சொல்லும் அவள் முதுகில் சாட்டையாக விழுந்தது.

வீட்டில் முருகேஷ் சோறு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “யாரோ ஒருத்தரு செத்ததுக்கு நீ ஏன் இப்படி எளச்சுப் போற?” அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

பதினோராம் நாள் கதிரவன் வந்து சேர்ந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போகாமல் இருந்தால் என்னவோ என்று நினைப்பார்களே. போனாள். பந்தி முடிந்ததும் கதிரவன் எல்லோர் முன்னாலும் வந்து நின்றான்.

“அக்கா, நீங்க பட்ட பாட்ட தங்கச்சி சொல்லுச்சுங்க” என்று ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை அவள் கையில் கொடுத்தான். தங்க நிறக் காகிதம் சுற்றிய பெட்டி. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் மேசைக்கு அடியில், பழைய சார்ஜர்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். பிரிக்கவில்லை. தினமும் கால் அதில் இடித்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஒரு பகல் நேரம், கதிரவன் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“நாளன்னிக்குக் கெளம்பறேங்கக்கா.”

“உக்காருப்பா.”

உட்கார்ந்தான். மேசையில் கிடந்த ஒரு உடைந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டென்று கேட்டான்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுவீங்களா? அப்பா என்கூடப் பேச மாட்டேன்னு சொல்லிட்டாரா?”

“என்னப்பா பேசற?”

“பச்சியப்பன் மாமா வூட்டுல ரெண்டு மணிக்கே நெட்டு வந்துடுச்சாம். நான் அடிச்சுக்கிட்டே இருந்தேங்கக்கா. முப்பத்தோரு தடவ. ரிங்கிங்னு வரவே இல்ல, காலிங்னே நின்னுச்சு. ஆனா இளம்பரிதி போன்ல இருந்து ஒரே தடவதான் அடிச்சோம், போயிடுச்சு. அதே ஆப்பு. நானும் நாலு வருசமா அதுலதான பேசறேன், வேற சர்வருன்னா எனக்குத் தெரியாதா?” உடைந்த போனை மேசையில் வைத்தான். “அப்பா முடியாதுன்னிருப்பாரு. நாலு வருசம் நான் பேசாததுக்குக் கடைசியா அவரு பேச மாட்டேன்னிருப்பாரு. அத எங்கிட்டச் சொல்ல மனசு வராம எல்லாரும் சேந்து போன அணைச்சு வெச்சுட்டு, நெட்டு இல்லன்னு சொல்றீங்க. தங்கச்சிகிட்ட கேட்டா அழுவுது. அப்பா உன்னத்தான் கேட்டாருங்குது. அது என்னச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லுது. எனக்குத் தெரியுங்கக்கா. நீங்க வெளி ஆளு. நீங்க சொல்லுங்க.”

அவள் சொன்ன பொய் ஒரு மனிதனின் கடைசிப் பேச்சைக் கெடுத்தது. அதோடு நிற்கவில்லை. இதோ, இன்னொரு மனிதனின் மீதி வாழ்நாளைத் தின்பதற்கு அது குவைத்துக்குப் பயணம் கிளம்பிக்கொண்டிருந்தது. இவன் போய்விட்டால், பாலைவனத்தில் தனியாகக் கிடந்து, அப்பா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தே கிழவனாகிவிடுவான்.

பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

“நெட்டு ரெண்டு மணிக்கே வந்துடுச்சு கதிரவா.”

அவன் நிமிர்ந்தான்.

“உங்கப்பா மாட்டேன்னு சொல்லல. நான்தான் கெடுத்தேன்.” அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டேகாலுக்கு அழித்ததை, நறுக்கிப் போட்ட சிம்மை, வேறு சர்வர் என்று சொன்ன பொய்யை, பச்சியப்பன் போனை எடுத்தபோது தடுத்ததை. ஒன்றையும் குறைக்கவில்லை. “எல்லாரும் பாக்கறாங்களேன்னு சொன்னேம்ப்பா. எம்பேரு கெட்டுடுமேன்னு சொன்னேன். வேற ஒரு காரணமும் இல்ல.”

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் வேறு எதையோ கேட்டான்.

“அப்ப அந்தச் சட்ட?”

“என்ன?”

“நான் பாக்கறப்ப அப்பா வெள்ளச் சட்ட போட்டிருந்துச்சு. எங்கப்பா சட்ட போட்டு நான் பாத்ததே இல்லீங்க. செத்தப்புறம் போட்டு வுட்டாங்கன்னு நெனச்சேன்.”

“இல்லப்பா. அவரே கேட்டாரு. எம்பையன் பாப்பான், எலும்பா கெடக்கற ஒடம்பப் பாத்தா பயந்துக்குவான்னு சொல்லிக் கேட்டு வாங்கிப் போட்டாரு. காலரு பொத்தானு வரைக்கும் போடச் சொன்னாரு. மூஞ்சியும் தொடச்சு வுட்டாங்க. மூணு தடவ கேட்டாருப்பா, மணி அடிக்குதான்னு. போனக் காதுல வெச்சுக்கிட்டேதான் போனாரு.”

கதிரவன் மேசையில் தலையைக் கவிழ்த்தான். முப்பது வயது ஆண் பிள்ளை, உடைந்த போன்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். வாசலுக்கு வந்த சின்னம்மாள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அழுது முடித்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் கண்ணில் மன்னிப்பு இல்லை. ஆனால் உள்ளே வரும்போது இருந்த அந்தக் கேள்வியும் இல்லை.

ஜெயபிரியா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து வைத்தாள். “இத எடுத்துக்கப்பா. நான் தொடல.”

அவன் அதைத் தொடவில்லை. எழுந்து நின்றான்.

“தங்கச்சிகிட்டயே குடுத்துருங்க. குடுக்கறப்ப இதையும் சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். உங்கள அது கூடப்பொறந்த அக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்குது.”

அவன் போன பிறகு அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கால் வராது என்று அவளுக்குத் தெரியும். கடையை முழுசாக இறக்கிப் பூட்டினாள். பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு நாவமரத்துக்கொட்டாய்க்குப் போனாள்.

அன்பரசி வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். “அக்கா! வாங்கக்கா, என்ன இந்த வெயில்ல? உள்ள வாங்க.”

“உள்ள வரல கண்ணு. இங்கயே நிக்கறேன்.”

நின்றபடியே சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அன்பரசியின் கையில் புளி தட்டும் சுத்தியல் இருந்தது. கேட்கக் கேட்க அது மெல்லக் கீழே இறங்கித் தரையில் படுத்தது. ஜெயபிரியா சொல்லி முடித்தாள். வெயில் மட்டும் இருந்தது.

“பச்சியப்பன் மாமா போனக் கையில எடுத்தாரே” என்றாள் அன்பரசி. யாரிடமோ சொல்வது போல. “ரெண்டு மணி நேரம் இருந்துச்சே.”

“ஆமா கண்ணு.”

“நான் உங்களுக்கு மோரு கொண்டாந்து குடுத்தேன். நீங்க குடிக்கலன்னு அழுதேன்.”

ஜெயபிரியா குனிந்தாள். பெட்டியைப் புளிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வண்டியை நோக்கித் திரும்பினாள்.

“நில்லுங்க.”

நின்றாள். இதுவரை அன்பரசி அவளை ‘அக்கா’ சேர்க்காமல் கூப்பிட்டதில்லை.

“அப்பா சட்ட கேட்டது அண்ணனுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன்.”

“மூணு தடவ மணி அடிக்குதான்னு கேட்டாரே, அது?”

“அதையும் சொன்னேன்.”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தது?”

ஜெயபிரியா இல்லை என்று தலையசைத்தாள். “அது உன் சத்தியம். நான் சொல்லல.”

அன்பரசி எழுந்தாள். மடியில் இருந்த புளி ஓடுகளை உதறினாள்.

“அதை நான் சொல்லிக்கறேன். இப்ப அண்ணன் நம்பும்.” உள்ளே போகத் திரும்பியவள், கதவில் கை வைத்து ஒரு கணம் நின்றாள். “இனிமே போனுக்கு ஏதாச்சும் ஆனா நான் பென்னாகரத்துக்குப் போய்க்கறேங்க.”

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் ஜெயபிரியா.

இன்றைக்கும் அந்தக் கடை இருக்கிறது. போனை நீட்டும் ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இந்த ஆப்பு எந்த நம்பர்ல இருக்குது கண்ணு?” தெரியாது என்றால் கை வைக்க மாட்டாள். நெட் போகும் நாட்களில் கடை வாசலில் கூட்டம் கூடும். “என்னக்கா, ஏதாச்சும் பண்ணுங்க” என்று அரற்றும். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியலம்மா, பொறுங்க” என்பாள்.

அக்கா முன்னே மாதிரி இல்ல, கெட்டிக்காரத்தனம் போயிடுச்சு என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவள் காதிலும் விழுகிறது. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மட்டும், எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு, சத்தம் போடாத தன் போனைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொள்வாள்.